எலி கடித்த ஒயரும் இருபது லட்ச ரூபாய் ஜீப்பும்

கேள்வி: எனக்கு 61 வயது. தாண்டிக்குடிக்கு மேலே ஏழு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். வண்டி 1993 மாடல் மஹிந்திரா எம்.எம்.540 ஜீப். தோட்டத்துக்குப் போகும் கடைசி மூன்று கிலோமீட்டர் தார் போடாத பாதை, நடுவில் ஓர் ஓடை. மதுரையில் வேலை பார்க்கும் மகன், "இதைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புது ஃபோர் வீல் வண்டி எடுப்போம்" என்கிறான். ஷோரூமில் ரோட்டுக்கு வரும்போது 20 லட்சம் ஆகும் என்கிறார்கள். உள்ளே உட்கார்ந்தால் டிவி கடைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. சேற்றில் ஓடுகிற வண்டிக்கு இவ்வளவு கம்ப்யூட்டர் எதற்கு? மலையில் நின்றுவிட்டால் யார் பார்ப்பது? கம்பெனிக்காரர்கள் எல்லை மீறிவிட்டார்களா, இல்லை எனக்குத்தான் வயதாகிவிட்டதா?

பதில்: ஐயா, வயதைக் குறை சொல்லாதீர்கள். இதே கேள்வியை முப்பது வயதுப் பையன்களும் என் பட்டறைக்கு வந்து கேட்கிறார்கள். விலையைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்வது பாதி சரி. அந்த மீதிப் பாதிக்காகத்தான் இந்த நீளமான பதில்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். பெரும்பாறைக்கு மேலே ஒரு புது வண்டி நின்றுவிட்டது என்று போன் வந்தது. எந்தக் கம்பெனி வண்டி என்பது வேண்டாம். வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஓனர் சென்னைக்காரர், மனைவி, குழந்தைகளோடு வந்திருந்தார். மீட்டரில் மஞ்சள் விளக்குகள் கார்த்திகை தீபம் மாதிரி எரிந்துகொண்டிருந்தன. அழுத்திப் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏ.பி.எஸ் இல்லை, வழுக்கலைத் தடுக்கும் வசதி இல்லை, இறக்கத்தில் தானாகப் பிடித்து இறக்கும் வசதி இல்லை, தூக்கின சக்கரத்தைப் பிரேக் பிடிக்கும் வசதியும் இல்லை. ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் சுற்றுகிறது, மற்றது அசையவில்லை.

அடியில் படுத்துப் பார்த்தேன். பின் இடது சக்கரத்துக்குப் போகும் சென்சார் ஒயர், பென்சில் தடிமன்கூட இல்லாதது, பல் பதிந்து அறுந்து கிடந்தது. முந்தின ராத்திரி ரிசார்ட்டில் நிறுத்தியபோது எலி வேலையைக் காட்டியிருக்கிறது. ஒயர் ஒன்று, போன வசதி நாலு. ஏனென்றால் அந்த நாலுக்கும் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற கணக்கு வேண்டும், அந்தக் கணக்கைச் சொல்வது அந்த ஒற்றை ஒயர்தான். இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, நான் சொன்னேனே" என்று மகனைக் கூப்பிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த வண்டி அன்றைக்கு மேலே ஏறியது. அதில் ஃபோர் வீல் போடுவதற்கு இரும்புக் கம்பி லீவர் இருந்தது. லோ கியரில் போட்டு, தூக்கின சக்கரத்துக்கு அடியில் ரெண்டு கல்லை வைத்து, எல்லோரையும் இறக்கிவிட்டு நானே ஓட்டி மேலே ஏற்றினேன். லீவருக்குப் பதில் பட்டனோ திருகோ வைத்து, மோட்டார் மூலம் ஃபோர் வீல் விழுகிற வண்டியாக இருந்திருந்தால் அவ்வளவு சுலபமாக வந்திருக்குமா என்று தெரியாது.

இதுதான் என் அளவுகோல். எத்தனை கம்ப்யூட்டர் இருக்கிறது என்று எண்ண மாட்டேன். அது படுத்துக்கொண்டால் வண்டி நகருமா, நகராதா என்று மட்டும் பார்ப்பேன்.

அந்தரத்தில் சுற்றுகிற சக்கரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புது டெக்னாலஜி உண்மையிலேயே சம்பாதித்துக் கொடுக்கிற இடம் அதுதான். உங்கள் ஜீப்பில் ஃபோர் வீல் போட்டாலும் நாலு சக்கரமும் இழுப்பதில்லை. அச்சின் நடுவில் உருண்டையாகத் தெரியும் கிரவுன் ஹவுசிங்குக்குள், ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் சுற்றலைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதோ அதற்கே சுற்றலைக் கொடுத்துவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று தூக்கிவிட்டால் கதை முடிந்தது. அப்போது நாம் என்ன செய்வோம்? வேலையாட்கள் நாலு பேரைப் பின் பம்பரில் ஏற்றி நிற்க வைத்துக் குதிக்கச் சொல்வோம். புது வண்டிகளில் தூக்கின சக்கரத்தை மட்டும் பிரேக் தானாகப் பிடிக்கிறது, பிடித்ததும் அடுத்த பக்கச் சக்கரத்துக்கு இழுவை போகிறது. 2020ல் வந்த மஹிந்திரா தாரிலும் இருக்கிறது, மாருதி ஜிம்னியிலும் இருக்கிறது. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னாலும் பின்னாலும் டிஃபரன்ஷியலையே பூட்டுகிற லாக், கம்பெனியிலிருந்தே வருகிறது. பம்பரில் ஏறிக் குதித்த நாலு பேரில் ஒருவர் விழுந்து கையை உடைத்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தவன். அந்த வசதியை வீண் என்று என்னால் சொல்ல முடியாது.

பிரேக்கும் அப்படித்தான். உங்கள் ஓடையைத் தாண்டியதும் முதல் இறக்கத்தில் பெடலை மிதித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். டிரம்முக்குள் தண்ணீர் போய், ஒன்றும் பிடிக்காது. அதனால்தான் பழைய டிரைவர்கள் ஓடை தாண்டினதும் பெடலை லேசாக மிதித்தபடியே நூறு அடி ஓட்டுவார்கள், லைனிங் சூடாகிக் காயட்டும் என்று. நமக்குப் பழக்கம், செய்துவிடுகிறோம். மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வந்து ஜீப்பை எடுக்கும் மகனுக்கு அது தெரியுமா? இறக்கத்தில் வண்டியை ஆள் நடக்கிற வேகத்தில் தானே பிடித்து இறக்குகிற வசதி அவனுக்கு ஆடம்பரம் இல்லை.

இன்னொன்று. "அந்தக் காலத்து இரும்பு, லாரி மோதினாலும் தாங்கும்" என்று டீக்கடையில் பேசுவதை நம்பாதீர்கள். தகடு நசுங்காது, உள்ளே இருக்கிறவர்தான் நசுங்குவார். உங்கள் ஜீப்பின் ஸ்டியரிங் கம்பி உங்கள் நெஞ்சைப் பார்த்து நிற்கிற ஈட்டி. 2020 தார், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நாலு ஸ்டார் வாங்கியது. 2024ல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸ், பாரத் என்கேப்பில் ஐந்து ஸ்டார். பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாலு வழிச் சாலையில் மதுரைக்குப் போக உங்கள் ஜீப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சரி, அப்படியானால் எது அதிகப்படி? பத்து அங்குலத் திரை, குரலில் சொன்னால் கண்ணாடி இறங்குவது, மேல் கூரைக் கண்ணாடி, கலர் மாறும் விளக்கு இவையெல்லாம் தாண்டிக்குடிப் பாதையில் ஒரு அடிகூட வண்டியை நகர்த்தாது. முன் வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் போடும் ராடாரும் கேமராவும் நெடுஞ்சாலைக்கு நல்லது. காப்பிச் செடிக் கிளை கண்ணாடியில் உரசுகிற பாதையில் கூக்குரல் போட்டுக்கொண்டே வரும். என் கோபம் இவை இருப்பதில் இல்லை. ஃபோர் வீல் வேண்டும் என்றால் இவற்றையும் சேர்த்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்று கட்டிவைத்து விற்பதில்தான். ராக்ஸ் 2024 ஆகஸ்டில் வந்தபோது ஆரம்ப விலை 12.99 லட்சம். அது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் மாடல். ஃபோர் வீல் வேண்டும் என்றால் ஆரம்பமே 18.79 லட்சம். அரிசி வாங்கப் போனால் பாத்திரமும் வாங்கு என்கிற கதை.

விலை ஏறியதற்குக் கம்பெனியை மட்டும் திட்டிப் பயனில்லை. 2019 ஏப்ரலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ் கட்டாயம். அப்புறம் காற்றுப்பை. 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாடு. நம் மலைக்காரர்களுக்குப் பிடித்த மாருதி ஜிப்ஸி பொதுமக்களுக்குக் கிடைக்காமல் போனதே இந்த விதிகளால்தான். அதற்குமேல் வரி. தொழிற்சாலை விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி 40 சதவீதம், ஆக 140. முன்னால் இதைவிட அதிகமாக இருந்து இப்போது குறைத்திருக்கிறார்கள், அது வேறு. தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான வண்டிக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அதையும் போட்டால் 165 ஆகிவிடும். இன்சூரன்ஸ் தனி. நீங்கள் கொடுக்கும் 20 லட்சத்தில் ஏழு லட்சத்துக்கு மேல் வண்டியாக உங்கள் வீட்டுக்கு வருவதே இல்லை.

பட்டறையில் ஒரு பையன் வேறு கணக்கு சொன்னான். 2010 அக்டோபரில் முதல் தார் வந்தபோது டீசல் ஃபோர் வீல் 5.99 லட்சம். அன்றைக்குப் பவுன் பதினைந்தாயிரத்தை ஒட்டி, ஆக நாற்பது பவுன். 2025 செப்டம்பரில் பவுன் எண்பதாயிரத்தைத் தாண்டியது, ஷோரூம் விலை 17 லட்சம் என்றாலும் இருபது பவுனை ஒட்டித்தான். "விலை பாதியாகிவிட்டது அண்ணே" என்றான். கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் தோட்டத்தில் தங்கமா விளைவிக்கிறீர்கள்?

இனி டீசலுக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம், ஷோரூமில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் எம்.எம்.540ல் இருப்பது பெஜோ வழி வந்த 2.1 லிட்டர் டீசல். பம்ப் முழுக்க இரும்பு. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் ஓடும், இன்ஜெக்டர் அடைத்தால் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிடலாம். புது டீசல் இன்ஜின் காமன் ரெயில். அதில் டீசல் ஆயிரத்து அறுநூறு பார் அழுத்தத்துக்கும் மேலே போய்ப் பீய்ச்சும். காரின் டயரில் இருப்பது ரெண்டு பார்தான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு துளி மண் போதும், இன்ஜெக்டர் முனை அரித்துவிடும். இது ரோட்டோரத்தில் பார்க்கிற வேலை இல்லை, செலவு ஐந்து இலக்கத்தில் வரும். தோட்டத்தில் ஜெனரேட்டருக்கும் மருந்தடிக்கும் மெஷினுக்கும் கேனில் டீசல் வாங்கி வைப்பீர்கள். ஐப்பசி மழையில் கேன் மூடியைச் சரியாகப் போடாமல் ஆள் விட்டிருப்பார். அவசரத்துக்கு அதிலிருந்து ஐந்து லிட்டர் ஜீப்பில் ஊற்றியிருப்பீர்கள், அதுவும் கொஞ்சம் இருமிவிட்டு ஓடியிருக்கும். புது வண்டியில் அந்த ஐந்து லிட்டர் ஒரு மூட்டைக் காப்பியைத் தின்றுவிடும்.

அடுத்து புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி. டி.பி.எஃப் என்பார்கள். கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, புகை நன்றாகச் சூடாகும்போது அதை எரித்துவிடும். எரிய வேண்டுமானால் அறுபது கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் இருபது நிமிஷமாவது ஒரே சீராக ஓட வேண்டும். உங்கள் ஓட்டம் என்ன? வீட்டிலிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து வீடு, அதில் கடைசி மூன்று கிலோமீட்டர் முழுக்க முதல் கியர், ரெண்டாம் கியர். இப்படியே ரெண்டு மாதம் ஓட்டினால் வடிகட்டி அடைத்து விளக்கு எரியும், வண்டி இழுவையைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் வத்தலக்குண்டு வரை இறங்கி பைபாஸில் சும்மா ஓட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் ஸ்கேனர் வைத்திருக்கிறவரைத் தேட வேண்டும். இன்ஜின்மீது தப்பு இல்லை. எந்த ஓட்டத்துக்காக அதைச் செய்தார்களோ அது வேறு, உங்கள் ஓட்டம் வேறு.

எனவே உங்களுக்கு என் பதில், ஜீப்பை விற்காதீர்கள். காயலான் கடைக்கு நிச்சயம் வேண்டாம். கிங் பின், ஹப் பேரிங், ஸ்டியரிங் பாக்ஸ், நாலு சக்கர பிரேக், கமான் பட்டை, புது ஒயரிங், இன்ஜினில் ரிங்கும் பேரிங்கும், பம்பைக் கழற்றிக் காலிபரேஷன் என எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சத்துக்குள் முடிக்கலாம். பார்ட்ஸுக்குப் பஞ்சம் இல்லை. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலா அடிக்கிற ஜீப்புகளும் ஓடுகிறவரை இந்த வண்டிகளுக்குச் சாமான் வரும், கை வைக்க ஆளும் இருப்பார்கள். பழைய ஜீப்பின் நிஜமான பலம் அதன் எளிமையைவிட இதுதான். சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் அதைத் தெரிந்தவர் பத்து பேர் இருக்கிறார்கள். புது வண்டிக்கும் ஒருநாள் அப்படி ஆள் வருவார்கள். என் பட்டறையிலேயே இப்போது ரெண்டு ஸ்கேனர் இருக்கிறது, ஒன்று போன வருஷம் வாங்கியது.

ஆர்.சி புதுப்பித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. மகன் செல்போனில் பஞ்சாபில் பல வண்டிச் சாமான்களைச் சேர்த்துக் கட்டும் ஆல்டர் ஜீப் படங்களைக் காட்டி, "அப்பா, நாலு லட்சத்தில் புத்தம் புதுசா வருது" என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். கம்பெனி முதலில் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பேப்பர் ஒன்று, இன்ஜின் ஒன்று, சேஸிஸ் ஒன்றாக வரும் வண்டியை எந்த ஆர்.டி.ஓ ஆபீஸிலும் பெயர் மாற்ற முடியாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும்.

மகனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மதுரைக்கு ஜீப்பில் போய் வந்தால் இடுப்பு போய்விடும். அதற்கு நல்ல சாதாரணக் கார் ஒன்று வாங்குங்கள், 20 லட்சத்தில் பாதிகூட ஆகாது. தார் ரோடு முடிகிற இடத்தில் நாலு தகரம் போட்டு ஒரு ஷெட். கார் அங்கே நிற்கட்டும், அங்கிருந்து மேலே ஜீப். கீழ்ப்பழனி மலையில் பாதித் தோட்டக்காரர்கள் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். ஷெட்டில் எலிப்பொறி ஒன்று வைக்க மறக்காதீர்கள்.

இல்லை, ஒரே வண்டிதான், புது ஃபோர் வீல்தான் என்று மகன் பிடிவாதமாக நின்றால் பெட்ரோல் எடுங்கள். மைலேஜ் அடிபடும், ஆனால் டி.பி.எஃப் தலைவலி இல்லை. ஜிம்னி, தார் ரெண்டிலும் ஃபோர் வீலுக்குக் கை லீவர் இருக்கிறது. வாங்குவதற்கு முன்னால் மகனை ஒரு டேப்போடு தோட்டப் பாதைக்கு அனுப்புங்கள். ஜிம்னி அகலம் 1,645 மில்லிமீட்டர், தார் 1,820, ராக்ஸ் 1,870. பக்கக் கண்ணாடி இந்தக் கணக்கில் இல்லை. ஜீப்புக்கு வெட்டின பாதையில் கொண்டை ஊசி வளைவில் இந்த ஒரு சாண் வித்தியாசம்தான் வண்டி திரும்புமா, ரிவர்ஸ் எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்யும். ஜிம்னி பாதைக்குப் பொருந்தும், ஆனால் நாலு பேர் உட்கார்ந்தால் பின்னால் 208 லிட்டர் இடம்தான், காப்பி மூட்டைக்கு ஆகாது. மூட்டைக்கு மறுபடியும் உங்கள் ஜீப்தான் வர வேண்டும்.

தார் எடுத்தால் ஃபோர் வீலில் கீழ் மாடல் போதும். நல்ல டயரைத் தவிர வேறு எதற்கும் கூடுதலாகச் செலவு செய்யாதீர்கள். ஷோரூம்காரர் மேல் மாடலைக் காட்டி, இன்னும் மாதம் மூவாயிரம்தான் என்று ஈ.எம்.ஐ கணக்கு சொல்வார். "இந்த மூவாயிரத்தில் எந்தச் சாமான் சேற்றைத் தொடுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள்.

முடிவெடுக்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தோட்டத்து கேனின் அடியிலிருந்து ஒரு தம்ளர் டீசலை எடுத்துத் தெளிவான கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் தண்ணீர்க் கோடு தெரிந்தால் மகனிடம் காட்டுங்கள். மழை பிடிப்பதற்குள் ஜீப்பைக் கீழே என் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், அந்த பாட்டிலையும் சேர்த்து.